அவசியம் நிரூபிக்கப்படவில்லை

ராஜஸ்ரீ யாரையும் லேசில் மன்னிக்கிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நோயாளிப் பெண் என்றதும் 'பாவம், எத்தனை பொறுமை' என்று உச்சுக்கொட்டத் தயாராகிற ஆட்கள் உண்டு. அவர்களுக்கு இங்கே வேலை இல்லை. இந்த முப்பத்தொன்பது வயதில் அவளிடம் பொறுமை என்று ஏதாவது மிச்சமிருந்தால், அது பழிவாங்கச் சமயம் பார்த்துக் காத்திருக்கிற பொறுமைதான்.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குத் தெற்கே ஓர் அக்கிரகாரத் தெரு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் ஒன்றில் அம்மா சாவித்ரியோடு இருக்கிறாள். கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது உத்தியோகம். தப்பு இருக்கிறது என்று வாயால் சொன்னால் எழுதினவன் ஒப்புக்கொள்ள மாட்டான். 'எனக்கு அப்படி ஒண்ணும் வரலையே' என்பான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இதை அழுத்து, அடுத்து அதை அழுத்து என்று படிப்படியாக, அவன் கண்ணெதிரிலேயே அந்தத் தப்பை மறுபடி வரவழைத்துக் காட்ட வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. பதினாறு வருஷ சர்வீஸ் சும்மாவா?

இருபத்தேழாவது வயதில் ஒருநாள் பஸ் படியில் கால் ஏறவில்லை. கையால் முழங்காலைத் தூக்கி வைத்து ஏறினாள். பிறகு மாடிப்படி, பிறகு தாழ்வான நாற்காலி. பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, மஸ்குலர் டிஸ்ட்ரோபி, தசை மெல்ல மெல்லக் கரைந்துகொண்டே போகும், மருந்து இல்லை என்றார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டதால் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவர் பெரியப்பா கல்யாணராமன். டாக்டர் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார்: "இந்த நோயில பலம்தான் குறையும். வலி பெரிசா இருக்காது."

அந்த வார்த்தையைப் பெரியப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். செக்ரட்டேரியட்டில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு விஷயம் ஃபைலில் ஏறிவிட்டால் அவருக்கு அது உண்மை, ஏறாதது பொய். ராஜஸ்ரீக்கு வலி கிடையாது என்பது பன்னிரண்டு வருஷம் முன்பே ஃபைலில் ஏறிவிட்டது. அதற்கப்புறம் அவள் முகம் சுளித்தபோதெல்லாம், "டாக்டர் நேர்ல சொன்னதை நான் கேட்டேனே. வெறுதே, சும்மாவானும் பாவனை பண்ணறது" என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார்.

பாவனையாம். காலையில் கண் விழிக்கும்போதே இரண்டு கெண்டைக்காலும் யாரோ ஈர வேஷ்டியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஒருக்களித்துப் புரண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்து, உட்கார்ந்து, இடுப்பு பிடித்துக்கொண்டது விடும்வரை காத்திருந்து எழுந்து நிற்கப் பதினைந்து நிமிஷம் ஆகும். பல் தேய்க்கும்போது வலது முழங்கையை இடது கை தாங்க வேண்டும். தலை வார இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டு தலையைக் கைக்குக் கொண்டுபோக வேண்டும். நாற்காலிக்கு அடியில் நாலு மரக்கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறது. சாயங்காலம் தோள்பட்டை எரியும். வெந்நீர்ப் பையை இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங்கில் பேசுவாள். அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

வாரம் ஒருமுறை பிசியோதெரபிக்காக வீட்டுக்கு வருகிற நீதுதான் முதன்முதலில் கேட்டாள்: "சேச்சி, பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் எண்ணினா, இன்னிக்கு வலி எத்தனை?" ராஜஸ்ரீ "ஆறு" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பத்து வருஷமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி. அந்தக் கேள்வி ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று யோசித்தபோது பெரியப்பாவின் முகம்தான் கண்முன் வந்தது. அழுகை நின்றுவிட்டது. கோபம் நிற்கவில்லை.

பெரியப்பா வீடு நாலு வீடு தள்ளி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காப்பிக்கு வருவார். நிலைப்படியில் நின்றுகொள்வார், உள்ளே வரமாட்டார். ராஜஸ்ரீ எழுந்து நிற்க வேண்டும். பெரியவர்கள் வரும்போது சின்னவர்கள் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அவள் மேஜையில் கையை ஊன்றி, பின்பக்கத்தை முதலில் தூக்கி, முதுகை நிமிர்த்தி எழுந்திருப்பதை அவர் பார்த்துக்கொண்டே நிற்பார். எழுந்த பிறகு, "உக்காரு, உக்காரு, எதுக்கு சிரமம்" என்பார். ஒரு ஞாயிறு விடாமல் பன்னிரண்டு வருஷம். கணக்குப் போட்டால் அறுநூறைத் தாண்டும்.

"பெரியவர்தானே, போனாப் போறது" என்பாள் அம்மா.

"போகட்டும். நானும் அதைத்தான் சொல்றேன்" என்பாள் ராஜஸ்ரீ.

தொற்றுக் காலத்தில் ஆரம்பித்து நாலைந்து வருஷம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். இந்த வருஷம் கம்பெனி எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டது. ஏப்ரலிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் நேரில் வர வேண்டும், முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று மெயில். ஆபீசில் லிஃப்ட் உண்டு, சாய்தளம் உண்டு, சக்கர நாற்காலி உண்டு. இல்லாதது இங்கே, வீட்டு வாசலில். மூன்று கல்படி, ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண். ஜனவரியில் ஆட்டோக்காரர் சுனில் முன்னால் பிடிக்க, அம்மா பின்னால் பிடிக்க, இறங்கிப் பார்த்தாள். இரண்டாவது படியில் கால் மடிந்தது. மூன்று பேரும் தெருவில் விழுந்தார்கள். முழங்கால் வீக்கம் வடிய இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் வலி எட்டு.

"சேச்சி, ஒரு சரிவு கெட்டினா மதி, அது போதும். நான் வண்டியை ஒட்டி நிறுத்திடுவேன்" என்றார் சுனில்.

சரிவு கட்டினால் தெருவுக்குள் கொஞ்சம் நீளும். தெரு இடம் சமூகத்துக்குச் சொந்தம். சமூகம் என்றால் அக்கிரகாரத்துச் சங்கம். அதன் தலைவர், வேறு யார், கல்யாணராமன்தான். பதினாலு வருஷமாக அந்த நாற்காலியை விடவில்லை. ராஜஸ்ரீ மனு எழுதினாள். சாய்தளம் எவ்வளவு நீளும், உற்சவத்தில் தெருவில் வருகிற சுவாமி வாகனம் எவ்வளவு அகலம், இரண்டுக்கும் நடுவில் எத்தனை அடி மிச்சம், எல்லாம் படம் போட்டு வைத்தாள். வாகனம் போக ஒன்பது அடி மிச்சம் இருந்தது. மனுவுக்கு நீதுவின் கடிதம், விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரே எல்லாம் துணை.

காரியதரிசி ஆனந்தகிருஷ்ணன் நல்ல மனுஷன். ஆனால் தலைவர் எதிரில் வாய் திறக்காத நல்ல மனுஷன். பிப்ரவரி மீட்டிங் முடிந்து வந்து தலையைக் குனிந்துகொண்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் பச்சை மையில், செக்ரட்டேரியட் பாணியில், பெரியப்பாவின் கையெழுத்து: 'பரிசீலிக்கப்பட்டது. அவசியம் நிரூபிக்கப்படவில்லை. தள்ளுபடி.'

"மீட்டிங்ல என்ன சொன்னார்?" என்றாள் ராஜஸ்ரீ.

"எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர்ல உக்காரறவளுக்கு மூணு படி இறங்க முடியாதா, மனசு வெச்சா எழுந்திருப்பா, பிடிச்சுப் பிடிச்சுத்தான் அவளைக் கெடுத்து வெச்சிருக்கான்னு..."

அம்மா அழுதாள். அந்த வேலை போனால் வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பெரியப்பா காலில் விழுந்து கேட்கலாமா என்றாள் அம்மா.

ராஜஸ்ரீ அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'எனக்கு அப்படி ஒண்ணும் வரலையே' என்று சொல்லித் தப்பை மூடி வைக்கிறவர்களை அவளுக்குத் தெரியும்.

"விழறேன்மா" என்றாள். "சரியான நாள் பார்த்து விழறேன்."

நாள் தானாக வந்தது. மார்ச் மாதம் பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம், எண்பது நிறைந்த கொண்டாட்டம். சமூக மடத்தில் இருநூறு பேர். சதாபிஷேகத் தம்பதிக்குத் தலையில் கலச தீர்த்தம் விட்டு முடிந்ததும் வயதில் சின்னவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து நமஸ்காரம் பண்ண வேண்டும். தம்பதி மணைமேல் நின்று அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்வார்கள். இதில் பெரியப்பாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாத்தா, விழுந்தவர்கள் எழுவதற்குள் நகர்ந்துவிட்டார் என்று பந்தியில் உட்கார்ந்து பத்துப் பேரிடம் சொன்னவர். "விழுந்தவா எழுந்து நிக்கற வரைக்கும் வாங்கிக்கறவா அசையப்படாது. அசைஞ்சா ஆசீர்வாதம் பலிக்காது. இது கூடத் தெரியாம என்ன பெரிய மனுஷத்தனம்!" என்றார். ராஜஸ்ரீ அதை மறக்கவில்லை. அவள் எதைத்தான் மறந்தாள்?

அடுத்த முறை நீது வந்தபோது தரையில் படுக்கவைக்கச் சொன்னாள். யாரும் பிடிக்காமல் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க வேண்டுமாம். நீது மாட்டேன் என்றாள். கடைசியில் போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறரை நிமிஷம். அதற்கப்புறம் இரண்டு நாள் கட்டிலைவிட்டு நகர முடியவில்லை.

"இது இனி வேண்டாம் சேச்சி. தசை கிழிஞ்சுபோகும்" என்றாள் நீது.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றாள் ராஜஸ்ரீ.

விசேஷத்தன்று அவளை நாற்காலியோடு தூக்கி மடத்துக்குக் கொண்டுபோனார்கள். விசேஷத்துக்குத் தூக்க நாலு பேர் வருவார்கள். தினம் ஆபீசுக்குத் தூக்க எவன் வருவான்? பட்டுப்புடவை கட்டவில்லை. புடவை காலைத் தடுக்கும், அத்துடன் கால் என்ன பாடுபடுகிறது என்பதையும் மறைக்கும். சுடிதார் போட்டுக்கொண்டு முதல் வரிசையில், பெரியப்பாவின் கண்ணில் படுகிற இடத்தில், ஜம்மென்று உட்கார்ந்தாள். "நமஸ்காரத்துக்கு முன்னாடி ஆத்துக்குப் போயிடலாம்டீ" என்று அம்மா கெஞ்சினாள். "நீ என்னைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டினாள் மகள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சத்தியம் பண்ணினாள்.

பெரியப்பா பஞ்சகச்சத்தில், வைரக் கடுக்கனோடு, மணைமேல் நின்றார். பக்கத்தில் பெரியம்மா சிவகாமியம்மாள். போட்டோவில் நன்றாக இருக்காது என்று பெரியப்பா தன் கைத்தடியை அந்தண்டை அனுப்பிவிட்டார். அவருக்கு முழங்கால் தேய்ந்து இரண்டு வருஷம் ஆகிறது என்பது வெளியில் தெரியக் கூடாத விஷயம். ராஜஸ்ரீக்குத் தெரியும். வீடியோக்காரன் எதிரில் நின்றான். அமெரிக்காவில் இருக்கிற பிள்ளை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

வரிசை நகர்ந்தது. ராஜஸ்ரீ அசையவில்லை. ஒவ்வொருவர் எழுந்துபோனதும் பெரியப்பா அவளை ஒருதரம் பார்த்தார். கடைசி ஆளும் போனபின் அவருக்குப் பொறுக்கவில்லை. மைக் பக்கத்தில் இருந்தது.

"எல்லாரும் பண்ணியாச்சு. எங்காத்து ராஜஸ்ரீ மட்டும்தான் ராணியாட்டம் உக்காந்திருக்கா. வாடீ. ஒண்ணும் கொழப்பமில்லை. மனசு வெச்சா எல்லாம் நடக்கும்."

ஆனந்தகிருஷ்ணன் அவளைப் பிடிக்க முன்னால் வந்தார்.

"யாரும் பிடிக்க வேண்டாம்" என்றார் பெரியப்பா. "பிடிச்சுப் பிடிச்சுத்தான் இவ இப்படி ஆயிட்டா. தானே எழுந்திருப்பா."

இதைத்தான் அவள் எதிர்பார்த்தாள். இவ்வளவு கச்சிதமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை.

"எல்லாரும் கேட்டேளோன்னோ? பெரியப்பா சொன்னபடி யாரும் தொடப்படாது" என்று உரக்கச் சொல்லிவிட்டு எழுந்தாள். நாலு எட்டு வைத்து மணைக்கு முன் வந்தாள். மெல்லக் குனிந்து மண்டியிட அவள் தொடையில் வலு கிடையாது. இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் தரையில் மோதின. அந்தச் சத்தம் மைக்கில் கேட்டது. நெற்றியைத் தரையில் வைத்தாள்.

பெரியப்பா கையில் அட்சதையை எடுத்தார். "தீர்க்காயுஷ்மதீ பவ" என்று ஆரம்பித்து, அவள் எழுந்ததும் தலையில் போடுவதற்காகக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அவள் எழவில்லை.

முதல் நிமிஷம் நெற்றியைத் தரையிலிருந்து எடுக்கவே போயிற்று. முழங்கையை ஊன்றினாள், வழுக்கியது, மறுபடி ஊன்றினாள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நாலு காலில் நிற்கிற நிலைக்கு வந்தபோது முதுகுத்தண்டில் தீ ஏறியது. எட்டு, என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"மதி, மதி, எழுந்திரு" என்றார் பெரியப்பா.

"அதைத்தான் பண்ணிண்டிருக்கேன் பெரியப்பா."

முழங்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கினாள். தலை தொங்க, இரண்டு கையும் தரையில், இருநூறு பேர் பார்க்க. கூச்சம் அவளுக்கு என்றோ போய்விட்டது, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் வந்தது. கையை ஒரு சாண், ஒரு சாண் என்று காலை நோக்கி நகர்த்தினாள். கண்ணை உயர்த்தினால் எதிரே பெரியப்பாவின் பாதங்கள். இடது கால் நடுங்க ஆரம்பித்திருந்தது.

சடங்கு நடத்திவைத்த வாத்தியார் மெதுவாக, "மாமா, வேணும்னா உக்காந்துக்கோங்கோ" என்றார்.

"எப்படி உக்காருவார்?" என்றாள் ராஜஸ்ரீ தரையைப் பார்த்தபடியே. "அசைஞ்சா ஆசீர்வாதம் பலிக்காது. அவரே சொன்னது."

நாலாவது நிமிஷம். வலது கையைத் தரையிலிருந்து எடுத்து முழங்காலில் வைத்தாள். ஒன்பது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கக் கை கிடையாது, இருந்தாலும் துடைத்திருக்க மாட்டாள். நன்றாகப் பார்க்கட்டும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எதிரே அந்த இடது முழங்கால் இப்போது நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. தூக்கிய கையிலிருந்து அட்சதை ஒவ்வொன்றாக உதிர்ந்து அவள் பிடரியில் விழுந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடுகிற சத்தம் மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

இரண்டு கையும் முழங்காலுக்கு வந்துவிட்டால் அப்புறம் தன் காலைத் தானே ஏணியாகப் பிடித்து ஏற வேண்டியதுதான். முழங்காலுக்கு மேல் ஒரு பிடி. இன்னும் ஒரு பிடி. இடுப்பு வரை வந்திருப்பாள். அப்போது பெரியப்பாவின் கை இந்தப் பக்கம் துழாவியது, அந்தப் பக்கம் துழாவியது. வீடியோவுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று மணையைச் சுற்றி நாற்காலி, தூண், மேஜை எல்லாவற்றையும் அவரே அகற்றச் சொல்லியிருந்தார். ஓர் எட்டு தள்ளி நின்ற பெரியம்மாவின் தோள் எட்டவில்லை.

"யாராவது... யாராவது என்னைப் பிடிங்கோடா!" என்று கத்திவிட்டார்.

ஒருவரும் சட்டென்று நகரவில்லை. யாரும் தொடக் கூடாது என்று அவரே போட்ட உத்தரவு அவர்கள் காதில் இன்னும் இருந்தது. ராஜஸ்ரீ பாதி நிமிர்ந்த நிலையில் முகத்தை மட்டும் தூக்கினாள்.

"ஏன் பெரியப்பா, பிடிச்சுக்க ஒண்ணுமே இல்லியோ?"

அதற்குள் ஆனந்தகிருஷ்ணன் பாய்ந்து அவரைத் தாங்கிக்கொண்டார். அவள் கடைசியாக ஓர் உந்து உந்தி நேராக நின்றாள். ஏழு நிமிஷம் பத்து செகண்ட். பெரியப்பாவின் கையில் ஓர் அட்சதைகூட மிச்சமில்லை.

அதன் பிறகு ஒன்பது நாள் அவள் கட்டிலில் கிடந்தாள். நீது வந்து திட்டினாள். வலது தோள் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. டம்ளரைத் தூக்க இன்றைக்கும் இரண்டு கை வேண்டும். அவ்வளவு விலை கொடுத்திருக்க வேண்டுமா என்று அம்மா கேட்டாள். ராஜஸ்ரீ அந்த வீடியோவை ஆனந்தகிருஷ்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். வலி தாங்காத மத்தியானங்களில் நாலாவது நிமிஷத்திலிருந்து போட்டுப் பார்ப்பாள். கொஞ்சம் குறையும்.

சமூகம் அவசரக் கூட்டம் போட்டது. வாய் திறக்காத ஆனந்தகிருஷ்ணன் வாய் திறந்து மனுவைப் படித்தார். யாரும் எதிர்க்கவில்லை. தலைவர் கையெழுத்து வேண்டும் என்பதால் பச்சை மைப் பேனாவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மார்ச் முடிவதற்குள் சிமெண்டுச் சரிவும் அதன் ஓரத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடியும் வந்துவிட்டன. ஏப்ரல் முதல் தேதி சுனில் ஆட்டோவை ஒட்டி நிறுத்தினார். ராஜஸ்ரீ கைப்பிடியைப் பிடித்துத் தானே இறங்கி ஆபீஸ் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா காப்பிக்கு வந்தார். இந்தத் தடவை கையில் தடி இருந்தது. படி ஏறவில்லை. சரிவில், குழாயைப் பிடித்து, நின்று நின்று ஏறி வந்தார். நிலைப்படியில் வழக்கம்போல நின்றுகொண்டார்.

"இது சௌகரியமாத்தான் இருக்கு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

ராஜஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள். மேஜை கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அன்றைக்கு வலியும் நாலுதான். எழுந்திருக்க முடிந்திருக்கும்.

"வாங்கோ பெரியப்பா, உக்காருங்கோ" என்று உட்கார்ந்தபடியே சொன்னாள்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.